மேடனில் டிஃபென்ஸ் வீரர்களின் பொறுப்புகளைச் சோதிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொறுப்பு என்று இங்கே எதைச் சொல்கிறோம்?

மேடன் என்பது அமெரிக்கக் கால்பந்து வீடியோ கேம். அந்தக் கால்பந்தில் டிஃபென்ஸ், அதாவது தடுக்கும் அணியின் பக்கம் 11 பேர் நிற்பார்கள். சென்டர் பந்தைப் பின்னால் கொடுக்கும் கணத்தில், அதாவது ஸ்னாப்பில், அந்த 11 பேருக்கும் ஆளுக்கொரு வேலை தீர்மானமாகியிருக்கும். ஒரு ரிசீவரை, அதாவது பந்தைப் பிடிக்க ஓடும் எதிரணி வீரரை, விடாமல் தொடர்வது மேன் கவரேஜ். மைதானத்தின் ஒரு பகுதியைக் காத்து, அதற்குள் வருகிறவரைக் கவனிப்பது ஸோன். பந்தை எறியும் குவாட்டர்பேக்கை நோக்கிப் பாய்வது ரஷ். வழக்கமாகப் பாயாதவர் பாய்ந்தால் அது பிளிட்ஸ். குவாட்டர்பேக் எப்போது ஓடத் தொடங்குவார் என்று கண்காணித்து நிற்பது ஸ்பை. அவர் ஓரமாக நழுவி வெளியே போகாமல் பார்த்துக்கொள்வது கன்டெய்ன். மேடனிலும் காலேஜ் ஃபுட்பால் என்ற கேம் தொடரிலும் எந்த டிஃபென்ஸ் பிளேயை, அதாவது முன்கூட்டியே வகுத்த ஆட்டத் திட்டத்தை, எடுத்தாலும் அது இந்த வேலைகளின் ஒரு சேர்க்கைதான்.

முதல் மேடன் விளையாட்டு 1988-ல் ஆப்பிள் II கணினிக்கு வந்தது. அந்தக் கணினியின் திறனுக்கு ஏற்ப ஆட்களைக் குறைக்கலாம் என்று யோசனை எழுந்தபோது, பயிற்சியாளர் ஜான் மேடன் ஒப்பவில்லை. பக்கத்துக்கு 11 பேர் இருந்தே ஆகவேண்டும் என்றார். அவர் பிடித்த பிடிவாதம் சரியானது. ஒரு ஆளைக் குறைத்தாலும் கவரேஜ் கணக்கு முழுதும் மாறிவிடும். இந்தப் பக்கத்தில் வரும் எல்லாமே அந்த 11 என்ற எண்ணைச் சுற்றித்தான் இருக்கிறது.

பிளே படத்திலேயே கோடும் வட்டமும் போட்டுக் காட்டுகிறார்களே, பிறகு எதற்குச் சோதனை?

படம் காட்டுவது தொடக்கத்தை மட்டும். மஞ்சள் வட்டம் என்றால் நடுவில் ஆழமில்லாத ஹுக் ஸோன், ஊதா என்றால் அதற்கு வெளியே ஓரப்பக்கம் இருக்கும் கர்ல் ஃபிளாட், கருநீலம் என்றால் ஆழமான ஸோன் என்று தெரியும். ஆனால் அந்த மஞ்சள் வட்டத்துக்குள் இரண்டு பேர் வந்தால் அவர் யாரைப் பார்ப்பார்? வட்டத்தைத் தாண்டி ஒருவர் ஆழமாக ஓடினால் கூடவே போவாரா, விட்டுவிட்டுத் திரும்புவாரா? யாருமே வராவிட்டால் சும்மா நிற்பாரா, பக்கத்து ஆளுக்கு உதவப் போவாரா? இதற்கெல்லாம் படத்தில் பதில் கிடையாது. ஆட்டத்தின் உள்ளே எழுதப்பட்டிருக்கும் விதிகளில்தான் பதில் இருக்கிறது. அவற்றை வெளியே கொண்டுவர ஒரே வழி, அதே நிலைமையை மறுபடி மறுபடி உருவாக்கிப் பார்ப்பது.

எங்கே சோதிப்பது? நேராக ஆன்லைன் ஆட்டத்திலேயே முயன்றால் ஆகாதா?

பிராக்டிஸ் மோடில் சோதியுங்கள். அங்கே அஃபென்ஸ், அதாவது பந்தை வைத்திருக்கும் அணியின் பிளே, டிஃபென்ஸ் பிளே இரண்டையும் நீங்களே தேர்ந்தெடுக்கலாம். அதே இடத்தில் பந்தை வைத்து மறுபடி தொடங்கலாம். ரீப்ளேயை நிறுத்தி எந்தக் கோணத்திலிருந்தும் பார்க்கலாம். ஆன்லைன் ஆட்டத்தில் எதிராளி ரிசீவருக்கு ஓடவேண்டிய பாதையாக என்ன ரூட் கொடுத்தார், என்ன மாற்றினார் என்பது உங்களுக்கு முழுதாகத் தெரியாது. தெரியாத ஒன்றோடு உங்கள் மாற்றமும் சேர்ந்தால், எதனால் என்ன நடந்தது என்று பிரிக்கவே முடியாது.

முடிந்தால் இரண்டு கன்ட்ரோலர்கள் வைத்துக்கொள்ளுங்கள். இதை நான் அழுத்திச் சொல்வேன். ஒரே கன்ட்ரோலரில் அஃபென்ஸை எடுத்தால், டிஃபென்ஸ் பிளேயைத் தேர்ந்தெடுக்க முடியுமே தவிர ஸ்னாப்புக்கு முன் தனித்தனி வீரரின் வேலையை மாற்ற முடியாது. டிஃபென்ஸை எடுத்தால், கணினி குவாட்டர்பேக் தனக்குத் தோன்றியவருக்கு எறிவார். நீங்கள் பார்க்க விரும்பிய ரூட்டுக்குப் பந்தே போகாது. இரண்டாவது கன்ட்ரோலரில் டிஃபென்ஸ் மாற்றங்களைச் செய்துவிட்டு, அந்தப் பக்கம் முன்வரிசையில் நிற்கும் ஒரு டிஃபென்ஸிவ் லைன்மேனைப் பிடித்துக்கொண்டு அதைக் கீழே வைத்துவிடுங்கள். கவரேஜில் இருக்கும் அத்தனை பேரும் கணினியின் கையில் இருப்பார்கள். உங்களுக்கு வேண்டியதும் அதுதான்.

சோதனைக்கு முன் எதையெல்லாம் மாறாமல் வைத்திருக்க வேண்டும்?

டிஃபிகல்ட்டி நிலை, ஆட்டத்தின் தன்மையை ஏற்றி இறக்கும் ஸ்லைடர்கள், அணிகள், வானிலை, களைப்பு ஆகியவற்றை முதலில் முடிவு செய்துவிட்டுப் பிறகு தொடாதீர்கள். ரியாக்ஷன் டைம், பாஸ் கவரேஜ் என்ற இரண்டு ஸ்லைடர்களும் 50-ல் இருக்கிறதா என்று பாருங்கள். யாரோ ஒருவர் ஸ்லைடரை ஏற்றிவைத்துப் பார்த்த முடிவு உங்கள் ஆட்டத்துக்குப் பொருந்தாது. நீங்கள் மிகக் கடினமான ஆல்-மேடன் நிலையில் ஆடுகிறவர் என்றால் அதே நிலையில்தான் சோதிக்கவேண்டும்.

இரண்டாவது, சிறந்த வீரர்களுக்கு மட்டும் இருக்கும் சூப்பர்ஸ்டார், எக்ஸ்-ஃபேக்டர் திறன்கள். மேடன் 20-ல் வந்ததிலிருந்து இவை ஆட்டத்தின் போக்கை நிறையவே மாற்றுகின்றன. ஓரத்து ரிசீவரைக் கவனிக்கும் கார்னர்பேக் ஒருவருக்கு அப்படிப்பட்ட திறன் இருந்தால், அவர் ரூட்டை முறித்தது கவரேஜ் விதியாலா, அந்தத் திறனாலா என்று சொல்ல முடியாது. முதல் சுற்றுச் சோதனைக்குத் திறன் எதுவும் இல்லாத சாதாரண வீரர்களைப் போடுங்கள்.

மூன்றாவது, பலரும் கண்டுகொள்ளாதது: பந்து எந்த ஹேஷ் கோட்டில் இருக்கிறது என்பது. ஹேஷ் என்பது மைதானத்தின் நீளவாக்கில் போகும் இரண்டு குறி வரிசைகள்; பிளே தொடங்கும்போது பந்து அவற்றின் மேலோ இடையிலோதான் இருக்கும். மைதானத்தின் அகலம் 160 அடி. தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். மைதானத்தில் இரண்டு ஹேஷ் வரிசைகளுக்கும் இடையே 18 அடி 6 அங்குலம்தான். அதனால் பந்து எந்த ஹேஷில் இருந்தாலும் கிட்டத்தட்ட நடுவில்தான் இருக்கும். கல்லூரி மைதானத்தில் அந்த இடைவெளி 40 அடி. அங்கே இடது ஹேஷில் பந்து இருந்தால் இடப்பக்கம் 60 அடி, வலப்பக்கம் 100 அடி. அதே பிளே, அதே வீரர்கள். ஆனால் அகலமான பக்கத்தில் ஃபிளாட்டை, அதாவது ஓரத்தில் ஆழமில்லாத பகுதியை, காக்கும் டிஃபெண்டர் ஓடவேண்டிய தூரம் ஏகத்துக்கும் கூடிவிடுகிறது. காலேஜ் ஃபுட்பால் விளையாடுகிறவர்கள் ஒவ்வொரு சோதனையையும் இரண்டு ஹேஷிலும் செய்து பார்க்கவேண்டும். மேடனில் நடுவில் வைத்துத் தொடங்கினாலே பெரும்பாலும் போதும்.

பந்து பிடிபட்டதா இல்லையா என்று குறித்துக்கொண்டால் போதுமா?

போதாது. பெரும்பாலான சோதனைகள் வீணாவது இந்த இடத்தில்தான். பந்து பிடிபடுவது ரிசீவரின் கேட்சிங் ரேட்டிங்கையும், எறிந்த துல்லியத்தையும், கொஞ்சம் தற்செயலையும் பொறுத்தது. டிஃபெண்டர் மூன்று யார்டு தள்ளி நின்றபோதும் பந்து நழுவி விழலாம். ஒட்டி நின்றபோதும் ரிசீவர் எம்பிப் பிடித்துவிடலாம். முதல் நிகழ்வைப் பார்த்து "நல்ல கவரேஜ்" என்றும் இரண்டாவதைப் பார்த்து "மோசமான கவரேஜ்" என்றும் எழுதினால் இரண்டுமே தவறு.

நீங்கள் பார்க்கவேண்டியது டிஃபெண்டர் நின்ற இடத்தையும் அவர் திரும்பிய நேரத்தையும். ரீப்ளேயை மூன்று கணங்களில் நிறுத்துங்கள். ஒன்று, ஸ்னாப்: யார் எங்கே நிற்கிறார்? இரண்டு, ரிசீவர் ரூட்டில் வெட்டித் திரும்பும் கணம்: டிஃபெண்டரின் இடுப்பு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது? மூன்று, பந்து குவாட்டர்பேக்கின் கையை விட்டுக் கிளம்பும் கணம்: இடைவெளி எத்தனை யார்டு? மூன்றாவது நிலையில் தெரியும் இடைவெளிதான் அந்தப் பொறுப்பின் உண்மையான மதிப்பு. அதற்குப் பிறகு நடப்பது பந்தைத் தேடும் ஓட்டம்; அது வேறு விதிகளில் நடக்கிறது.

பல நேரங்களில் நான் பந்தை எறிவதே இல்லை. எறிந்தவுடன் அத்தனை டிஃபெண்டர்களும் பந்தை நோக்கி ஓடத் தொடங்கிவிடுவார்கள், கவரேஜின் வடிவம் அங்கேயே கலைந்துவிடும். குவாட்டர்பேக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றால், ரூட் முழுதும் முடியும்வரை ஸோன் எப்படி விரிகிறது, எப்படிச் சுருங்குகிறது என்று பார்க்கலாம்.

ரஷ் வந்து குவாட்டர்பேக்கை வீழ்த்திவிடுகிறதே, எப்படிப் பொறுமையாகப் பார்ப்பது?

பந்தை வாங்கி ஓடும் ரன்னிங் பேக்கையும், முன்வரிசை ஓரத்தில் நின்று தடுக்கவும் பந்தைப் பிடிக்கவும் செய்யும் டைட் எண்டையும் ரஷ்ஷைத் தடுக்க நிறுத்தலாம் என்றுதான் முதலில் தோன்றும். அது சோதனையைக் கெடுத்துவிடும். அவர்களுக்குப் பொறுப்பான டிஃபெண்டர்கள், தங்கள் ஆள் வெளியே வரவில்லை என்றதும் வேறு வேலைக்குப் போய்விடலாம். சில பிளேக்களில் அவர்களே பாய்ந்து வருவார்கள். மாறாக, ஓரத்தில் நிற்கும் இரண்டு லைன்மேன்களுக்கும் கன்டெய்ன் கொடுத்துவிடுங்கள். நான்கு பேர் ரஷ் என்ற கணக்கு மாறாது, பின்னால் இருக்கும் ஏழு பேரின் வேலையும் மாறாது. ஆனால் ஓரத்திலிருந்து வரும் வேகம் குறையும், உங்களுக்குக் கூடுதலாகக் கொஞ்சம் நேரம் கிடைக்கும்.

எந்தக் கவரேஜுக்கு எந்த ரூட்டைக் கொண்டு சோதிப்பது?

கவரேஜின் பெயரில் வரும் எண், ஆழத்தைக் காக்கும் ஆட்களின் எண்ணிக்கை. ஒவ்வொரு கவரேஜும் எதையோ கொடுத்துவிட்டு எதையோ காக்கிறது. எதைக் கொடுக்கிறதோ அங்கேயே தாக்குங்கள்.

கவர் 2-ல் ஆழத்தில் சேஃப்டிகள் எனப்படும் கடைசி வரிசை ஆட்கள் இருவர், கீழே, அதாவது ஆழமில்லாத பகுதியில், ஐந்து பேர். ஆளுக்குப் பாதி மைதானம் என்பது ஒரு சேஃப்டிக்கு மிகப் பெரிய நிலம். ஓரத்தில் கார்னர்பேக்குக்கும் சேஃப்டிக்கும் நடுவே, ஏறத்தாழ 15 முதல் 20 யார்டு ஆழத்தில் ஒரு ஓட்டை இருக்கும். வெளி ரிசீவருக்கு ஆறு யார்டு ஓடி நின்று திரும்பும் ஹிட்ச், அவருக்கு உள்ளே நிற்கும் ஸ்லாட் ரிசீவருக்கு ஆழமாக ஓடி ஓரத்தை நோக்கித் திரும்பும் கார்னர் ரூட் கொடுங்கள். கார்னர்பேக் ஹிட்ச்சில் உட்கார்ந்துவிடுகிறாரா, கார்னர் ரூட்டின் அடியில் பின்வாங்குகிறாரா என்பதுதான் கேள்வி. ஹார்டு ஃபிளாட், கிளவுட் ஃபிளாட் என்ற இரண்டு பொறுப்புகளும் படத்தில் அண்ணன் தம்பி மாதிரி இருந்தாலும் வேறாக நடந்துகொள்வது இந்தச் சோதனையில் பளிச்சென்று தெரியும்.

இரண்டு சேஃப்டிகளுக்கும் நடுவே இருக்கும் ஓட்டை இன்னொன்று. அதை அடைக்கத்தான் டாம்பா 2. லைன்மேன்களுக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கர்களில் நடுவில் உள்ளவர் ஸ்னாப்பிலிருந்தே ஆழமாகப் பின்னோக்கி ஓடுவார். 1996-ல் தலைமைப் பயிற்சியாளர் டோனி டஞ்சியும் டிஃபென்ஸ் ஒருங்கிணைப்பாளர் மான்டி கிஃபினும் டாம்பா பே பக்கனியர்ஸுக்கு வந்த பிறகு இந்தப் பெயர் நிலைத்தது. தன் பாணியின் வேர் 1970-களின் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியில் இருக்கிறது என்று டஞ்சியே சொல்லியிருக்கிறார். ஆட்டத்தில் இதைச் சோதிக்க, ஸ்லாட் ரிசீவரை நேராக நடுவில் ஓடவிட்டு, அதே நேரம் டைட் எண்டை எட்டு யார்டில் நடுவில் நிறுத்துங்கள். லைன்பேக்கர் கீழே இருப்பவரைப் பார்த்துத் தயங்கினால், அந்தத் தயக்கம் எவ்வளவு நேரம் என்று ரீப்ளேயில் எண்ணிவிடலாம்.

கவர் 3-ல் ஆழம் மூன்றாகப் பிரிகிறது. ஒருவருக்குக் கிட்டத்தட்ட 18 யார்டு அகலம். நான்கு ரிசீவர்களை நேராக ஓடவிட்டால், மூன்று பேர் நான்கு பேரைப் பார்க்கவேண்டும். நடு சேஃப்டி, உள்ளே நிற்கும் இருவர் நேராக ஓடும் இரண்டு சீம் ரூட்டுகளில் எந்தப் பக்கம் சாய்கிறார், கீழே இருக்கும் கர்ல் ஃபிளாட் ஆள் சீமில் ஓடுகிறவரைத் தடுக்கிறாரா, எத்தனை யார்டுவரை கூடப் போகிறார் என்று பாருங்கள். கவர் 3-க்கு இதைவிட நல்ல சோதனை கிடையாது.

கவர் 4 ஆழத்தில் வலுவானது, கீழே மெலிந்தது. அங்கே கொடுக்கவேண்டியவை ஓரத்தில் ஆழமில்லாமல் ஓடும் ஃபிளாட் ரூட்டுகள், சட்டென்று வெளிப்பக்கம் திரும்பும் அவுட் ரூட்டுகள். சேஃப்டியின் கண்ணைச் சோதிக்க, உள்ளே நேராக ஓடி நடுவை நோக்கி வெட்டும் ஒரு டிக், அதன் பின்னால் ஆழத்தில் கோல்போஸ்ட் பக்கம் சாயும் ஒரு போஸ்ட். ஆழத்தில் ஒருவரை வைத்து மற்றவர்கள் மேனில் ஆடும் கவர் 1 என்றால் நடுவில் இரண்டு ரிசீவர்கள் ஒருவரையொருவர் உரசிக் கடக்கும் மெஷ். கவர் 0-வை ரூட் வைத்துச் சோதிக்கத் தேவையில்லை. ஆழத்தில் ஆளே இல்லை. ரஷ் எத்தனை நொடியில் வருகிறது என்பது மட்டும்தான் அங்கே கேள்வி.

மேன் கவரேஜில் யார் யாரைப் பிடிப்பார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ரிசீவர்களை ஓரத்திலிருந்து உள்நோக்கி எண்ணும் பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள்: ஓரத்தில் நிற்பவர் 1, அடுத்தவர் 2, அதற்கும் உள்ளே 3. பயிற்சியாளர்கள் பேசுவதும் இப்படித்தான், ஆட்டத்தின் விதிகளைப் புரிந்துகொள்ளவும் இதுதான் வசதி. பிறகு ஒரே டிஃபென்ஸ் பிளேயை வைத்துக்கொண்டு அஃபென்ஸ் ஃபார்மேஷனை, அதாவது ஆட்கள் நிற்கும் அமைப்பை, மட்டும் மாற்றுங்கள்: இரு பக்கமும் இரண்டிரண்டு பேர், ஒரு பக்கம் மூன்று பேர், மூவர் நெருங்கி நிற்கும் பன்ச், பின்னால் யாருமே இல்லாத எம்ப்டி. ஒவ்வொன்றிலும் ஸ்னாப்புக்கு முன் பிளே ஆர்ட் எனப்படும் பிளே படத்தைத் திறந்து, யாருடைய கோடு யாருக்குப் போகிறது என்று எழுதுங்கள்.

எம்ப்டியில் தவறாமல் பாருங்கள். ரன்னிங் பேக் ஓரத்துக்குப் போய் நின்றால் அவரோடு லைன்பேக்கரும் ஓரத்துக்குப் போகிறாரா? கார்னர்பேக் உள்ளே வந்து ஒரு டைட் எண்டைப் பிடிக்கிறாரா? நல்ல எதிராளி உங்களைப் பதம் பார்ப்பது இந்த இடத்தில்தான். கோச்சிங் அட்ஜஸ்ட்மென்ட் என்ற மெனுவில் கார்னர்பேக் மேட்ச்அப் என்று ஒரு அமைப்பு உண்டு. ரேட்டிங், வேகம், உயரம் என்று எதை வைத்து இணைப்பது என்று சொல்லலாம். அதை மாற்றினால் மேலே சொன்ன பட்டியல் முழுவதையும் திரும்ப எழுதவேண்டும். அதேபோல பேஸ் அலைன் என்ற அமைப்பு. ஆட்கள் எதிரே நிற்பவருக்கு ஏற்ப நகராமல் ஃபார்மேஷனின் இடத்திலேயே நிற்பார்கள். மேனா ஸோனா என்று எதிராளி கண்டுபிடிக்காமல் மறைக்க இது உதவும். ஆனால் ஸ்னாப்புக்குப் பிறகு உங்கள் ஆள் தன் ரிசீவரைப் பிடிக்கக் கூடுதல் தூரம் ஓடவேண்டும். மறைத்ததால் கிடைக்கும் லாபம் அந்தத் தூரத்துக்கு ஈடாகுமா என்று நிறுத்திப் பார்த்துத்தான் முடிவு செய்யமுடியும்.

மோஷன் கொடுத்தால் பொறுப்பு மாறுமா?

மாறலாம். ஸ்னாப்புக்கு முன் ஒரு ரிசீவரை வேறு இடத்துக்கு நகர்த்துவது மோஷன். என்.எஃப்.எல். விதிப்படி ஸ்னாப் நேரத்தில் ஒருவர் மட்டுமே நகர்ந்துகொண்டிருக்கலாம், அதுவும் முன்னோக்கி நகரக்கூடாது. ஆட்டமும் அதைப் பின்பற்றுகிறது. மேன் என்றால் டிஃபெண்டர் ரிசீவரோடு மைதானத்தைக் கடப்பார். ஸோன் என்றால் எல்லோரும் ஒரு அடி நகர்ந்து சரிசெய்துகொள்வார்கள்.

ஒரே மோஷனை மூன்று இடங்களில் ஸ்னாப் செய்து பாருங்கள்: ரிசீவர் கிளம்பியவுடன், சென்டரைக் கடக்கும்போது, மறுபக்கம் போய் நின்ற பிறகு. மூன்றிலும் டிஃபெண்டர் இருக்கும் இடம் வேறு. நடுவில் ஸ்னாப் ஆனால் அவர் லைன்பேக்கர்களின் கூட்டத்துக்குள் மாட்டிக்கொண்டிருப்பார். மேன் கவரேஜில் வழக்கமாக ஆடுகிறவர்கள் முதலில் சோதிக்கவேண்டியது இதுதான் என்பேன், ஏனென்றால் எதிராளி செய்வதற்கு இதைவிட எளிதான காரியம் கிடையாது.

மேட்ச் கவரேஜ் ஏன் ஒருமுறை ஸோன் மாதிரியும் ஒருமுறை மேன் மாதிரியும் இருக்கிறது?

அது அப்படித்தான் வடிவமைக்கப்பட்டது. மேட்ச் கவரேஜில் டிஃபெண்டர் ஸோனில் தொடங்குவார். ரிசீவர் எங்கே ஓடுகிறார் என்று பார்த்துவிட்டு ஒருவரைத் தேர்ந்து மேனாக ஒட்டிக்கொள்வார். நிஜ ஆட்டத்தில் இதை வளர்த்தவர்களில் முக்கியமானவர்கள் பில் பெலிசிக்கும் நிக் சேபனும். 1991 முதல் 1994 வரை கிளீவ்லேண்ட் பிரவுன்ஸில் பெலிசிக் தலைமைப் பயிற்சியாளர், சேபன் டிஃபென்ஸ் ஒருங்கிணைப்பாளர். நான்கு பேர் நேராக ஓடினால் கவர் 3 உடைகிறது என்ற சிக்கலுக்கு மேட்ச் ஒரு விடை.

ஆட்டத்தில் இதைச் சோதிக்க 2-ஆம் எண் ரிசீவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான விதிகள் அவரைச் சுற்றித்தான். கவர் 4 குவாட்டர்ஸில் சேஃப்டி அவரைப் பார்க்கிறார்: அவர் நேராக ஆழத்துக்கு ஓடினால் சேஃப்டியின் ஆள், அவர் உடனே வெளியே திரும்பினால் சேஃப்டி அவரை விட்டுவிட்டு 1-ஆம் எண் ரிசீவருக்கு உதவப் போவார். கவர் 4 பாம்ஸில் கார்னர்பேக்கும் 2-ஆம் எண்ணைப் பார்க்கிறார்: அவர் சட்டென்று வெளியே வந்தால் கார்னர்பேக் அவர்மேல் பாய்வார், 1-ஆம் எண் சேஃப்டியின் பொறுப்பாகிவிடும்.

ஆகவே 1-ஆம் எண்ணின் ரூட்டை மாற்றாமல் வைத்துக்கொண்டு, 2-ஆம் எண்ணுக்கு மட்டும் ரூட்டை மாற்றுங்கள்: நேர் ஓட்டம், ஐந்து யார்டு அவுட், பத்து யார்டு அவுட், உள்ளே சாய்ந்து ஓடும் ஸ்லான்ட், ஆறு யார்டில் நின்றுவிடுவது. ஒவ்வொன்றுக்கும் கார்னர்பேக், சேஃப்டி, ஃபிளாட் ஆள் மூவரும் என்ன செய்தார்கள் என்று குறித்தால், விதி தானாக வெளியே வரும். ஐந்து யார்டு அவுட்டுக்குப் பாய்ந்த கார்னர்பேக் பத்து யார்டு அவுட்டுக்குப் பாயவில்லை என்றால், அந்த விதியின் எல்லை இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. எதிராளி உங்களை உடைக்கப் பயன்படுத்துவதும் அந்த எல்லையைத்தான்.

ஒரு எச்சரிக்கை. மேட்ச் பிளேயில் ஒருவரின் வேலையைக் கையால் மாற்றினால் மற்றவர்கள் மேட்ச் விதியிலேயே இருக்கிறார்களா, சாதாரண ஸோனுக்கு இறங்கிவிடுகிறார்களா என்று தனியாகச் சோதியுங்கள். மாற்றத்துக்கு முன்னும் பின்னும் நான்கு நேர் ஓட்டங்களைக் கொடுத்துப் பார்த்தாலே வித்தியாசம் கண்ணில் படும்.

ஸோன் ட்ராப் எண்களை எப்படி முடிவு செய்வது?

கோச்சிங் அட்ஜஸ்ட்மென்டில் ஃபிளாட், கர்ல் ஃபிளாட், ஹுக் மூன்றுக்கும் எத்தனை யார்டு ஆழத்தில் நிற்கவேண்டும் என்று எண் கொடுக்கலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கர்ல் ஃபிளாட்டை ஆழமாக்கினால் அதன் அடியில் புதிதாக ஒரு இடம் திறக்கும். அங்கே ஃபிளாட் ரூட் கொடுத்து எத்தனை யார்டு போகிறது என்று பாருங்கள். ஆழத்தில் எதை மூடினீர்கள் என்பதோடு கீழே எதைத் திறந்துவிட்டீர்கள் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். ஒரு பக்கத்தை மட்டும் எழுதி வைத்தால் எல்லா மாற்றமும் நல்ல மாற்றமாகத்தான் தெரியும்.

ஒரு வீரரின் வேலையை மாற்றும்போது எதைக் கவனிக்கவேண்டும்?

எண்ணிக்கையை. நான்கு பேர் ரஷ் என்றால் ஏழு பேர் கவரேஜ். கவர் 3-ல் அது ஆழத்தில் மூன்று, கீழே நான்கு. ஒரு லைன்பேக்கரை பிளிட்ஸுக்கு அனுப்பினால் கீழே மூன்று பேர்தான். அவர் விட்டுப்போன இடத்துக்கு யாராவது நகர்கிறார்களா? பெரும்பாலும் இல்லை, ஆட்டம் அந்த ஓட்டையை அப்படியே விட்டுவிடும். நீங்கள்தான் ஒரு லைன்மேனைப் பின்வாங்கச் சொல்லி அடைக்கவேண்டும். டிஃபென்ஸ் பயிற்சியாளர் டிக் லெபோ சின்சினாட்டியிலும் பிட்ஸ்பர்கிலும் பெயர் பெற்ற ஸோன் பிளிட்ஸின் அடிப்படை இதுதான்: எதிர்பாராதவர் பாய்வார், எதிர்பாராதவர் பின்வாங்குவார், மொத்தக் கணக்கு மாறாது. ஆனால் ஆட்டத்தில் லைன்மேன் ஸோனுக்குப் பின்வாங்கும் வேகம் மந்தமானது. ஸ்னாப்பிலிருந்து எத்தனை நொடியில் அவர் தன் இடத்தை அடைகிறார் என்று பார்த்து, அதற்குள் முடிந்துவிடும் ஸ்லான்ட் ரூட்டைக் கொடுத்துச் சோதியுங்கள்.

ரேட்டிங் எவ்வளவு முக்கியம்?

பொறுப்பு என்பது பிளேயில் இருக்கும் இடத்துக்கு உரியது. அந்த இடத்தில் நிற்பவருக்கு உரியதல்ல. லைன்பேக்கர் இடத்தில் ஒரு சேஃப்டியை நிறுத்தினால் அவர் லைன்பேக்கரின் வேலையைத்தான் செய்வார், அதிக வேகத்தோடு. ஆட்களை மாற்றுவதால் விதி மாறுவதில்லை. அந்த விதியை எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு நெருக்கமாக நிறைவேற்றுகிறார் என்பதுதான் மாறுகிறது.

மேனில் மேன் கவரேஜ் ரேட்டிங்கும் வேகமும் பேசும். ஸோனில் ஸோன் கவரேஜ், பிளே ரெகக்னிஷன், திரும்பிப் பாயும் ஆக்ஸிலரேஷன். எது எவ்வளவு என்று அறிய, அதே பிளேயில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் ஆளை மாற்றுங்கள்: ஸோன் ரேட்டிங் 90-க்கு மேல் உள்ளவர் ஒருமுறை, 70 உள்ளவர் ஒருமுறை, வேகம் ஏறத்தாழ சமமாக இருக்கும்படி. வேகமும் சேர்ந்து மாறினால் அந்த ஒப்பீட்டுக்கு அர்த்தமில்லை. பெரிய பெயர் உள்ள வீரரை வாங்குவதற்கு முன் இதைச் செய்து பார்ப்பது நல்லது.

நான் ஓட்டும் வீரரை எப்படிச் சோதிப்பது?

உங்கள் ஆளுக்குக் கணினி கொடுத்த வேலையை நீங்கள் செய்யாவிட்டால், அதை வேறு யாரும் செய்யமாட்டார்கள். ஆகவே முதலில் உங்கள் ஆள் அசையாமல் நிற்கட்டும். எந்த ரூட் முழுதாகத் திறக்கிறது என்று பாருங்கள். அதுதான் உங்கள் உண்மையான பொறுப்பு. பிறகு, அதை விட்டுவிட்டு வேறொன்றை மூடப் போனால் எவ்வளவு நேரத்தில் திரும்பி வரமுடியும் என்று பழகுங்கள். மேன் வேலை உள்ள ஒருவரைக் கையில் எடுத்துக்கொண்டு நடுவில் சுற்றுவது ஆபத்து. பலர் ஸ்னாப்புக்கு முன்பே அவருக்கு ஹுக் ஸோன் கொடுத்துவிட்டு, அவருடைய ரிசீவரை வேறொருவரிடம் ஒப்படைப்பது இதனால்தான்.

ஓட்ட ஆட்டத்துக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பாதி பொருந்தும். ஐந்து லைன்மேன்களும் ஒரு டைட் எண்டும் நின்றால் ஏழு இடைவெளிகள். ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆள் இருக்கிறாரா என்று எண்ணிப் பார்க்கலாம். ஆனால் பிளாக்கிங் அசைவுகளில் தற்செயல் அதிகம், ஒரே பிளே திரும்பத் திரும்ப வேறாக முடியும். தெளிவான விடை கிடைப்பது, ஓரத்து டிஃபெண்டரைப் பார்த்துப் பந்தை ரன்னிங் பேக்கிடம் கொடுப்பதா, தானே ஓடுவதா என்று குவாட்டர்பேக் முடிவு செய்யும் ரீட் ஆப்ஷனில். ஓரத்தில் நிற்கும் டிஃபெண்டர் குவாட்டர்பேக்கைப் பார்க்கிறாரா, ரன்னிங் பேக்கைப் பார்க்கிறாரா என்பதைக் கோச்சிங் அட்ஜஸ்ட்மென்டில் மாற்றலாம், அதன் பலன் ரீப்ளேயில் ஐயமின்றித் தெரியும்.

வினோதமாக ஒன்று நடந்தால், அது ஆட்டத்தின் கோளாறா, நமக்குத் தெரியாத விதியா?

முதலில் பிளேயை இடம் வலமாகத் திருப்பி அதே ரூட்டைக் கொடுங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நடந்தால் பெரும்பாலும் விதி. ஒரு பக்கம் மட்டும் நடந்தால் சந்தேகப்படலாம். அடுத்து, அதே கவரேஜை வேறு ஃபார்மேஷனிலிருந்து அழையுங்கள். கார்னர்பேக், சேஃப்டி சேர்த்து ஐந்து பேர் நிற்கும் நிக்கலில் நடந்தது ஆறு பேர் நிற்கும் டைமிலும் நடக்கிறதா? மூன்றாவது, ஸ்னாப்புக்கு முன் நீங்கள் கொடுத்த மாற்றங்களை ஒவ்வொன்றாக எடுத்துவிடுங்கள். எதை எடுத்ததும் சரியாகிறதோ அங்கே விடை இருக்கிறது. இரண்டு மாற்றங்கள் ஒன்றோடொன்று மோதுவதுதான் நான் பார்த்தவரை அடிக்கடி காரணம்: ரிசீவரை ஒட்டி நிற்கும் பிரஸ் கொடுத்துவிட்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்து காக்கும் ஷேடும் கொடுப்பது, மேன் வேலை உள்ளவரைத் தூரத்துக்கு நகர்த்துவது போன்றவை.

எத்தனை முறை செய்தால் ஒரு முடிவை நம்பலாம்?

டிஃபெண்டர் நிற்கும் இடத்தைத்தான் பார்க்கிறீர்கள் என்றால் அதிகம் தேவையில்லை. நான்கைந்து முறை அதே இடத்தில் நின்றாலே விதி என்று கொள்ளலாம், ஏனென்றால் பொறுப்பு விதிகளில் தற்செயல் குறைவு. ஆறாவது முறை மாறினால் என்ன மாறியது என்று தேடுங்கள், காரணம் இருக்கும். பிடிபட்ட விகிதத்தையும் கணக்கிட விரும்பினால் கதை வேறு. பத்து எறிதல்களில் ஆறு பிடிபட்டதற்கும் ஏழு பிடிபட்டதற்கும் வித்தியாசம் கிடையாது. அதற்குப் பல மடங்கு அதிகமாக எறியவேண்டும்.

குறிப்பில் நான் எழுதுவது: டிஃபென்ஸ் ஃபார்மேஷனும் பிளேயும், அஃபென்ஸ் ஃபார்மேஷன், செய்த ஒரே மாற்றம், யார் எங்கே நின்றார், எந்த ரூட் திறந்தது, ஆட்டத்துக்கு வரும் புதுப்பிப்பான பேட்ச்சின் எண். காணொளியைப் பதிவு செய்து அதே பெயரில் வைத்தால் பின்னால் தேடுவது எளிது.

புதிய பேட்ச் வந்தால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கவேண்டுமா?

வேண்டாம். உங்கள் குறிப்புகளிலிருந்து நான்கு சோதனைகளைத் தேர்ந்து நிலையாக வைத்துக்கொள்ளுங்கள்: கவர் 3-க்கு எதிராக நான்கு நேர் ஓட்டங்கள், கவர் 2-க்கு எதிராக ஹிட்ச்சும் கார்னர் ரூட்டும், மேனுக்கு எதிராக மெஷ், குவாட்டர்ஸுக்கு எதிராக 2-ஆம் எண்ணின் அவுட். பேட்ச் வந்த அன்று இவற்றை ஓட்டி, பழைய காணொளியோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்தக் கவரேஜில் இடம் மாறியிருக்கிறதோ அந்தக் குடும்பத்துப் பிளேக்களை மட்டும் மறுபடி முழுதாகச் சோதியுங்கள். மற்றக் குறிப்புகளில் பேட்ச் எண்ணைப் புதுப்பித்தால் போதும்.